தரவரிசையில் இல்லாத யோன்செய்

கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இப்போது தென்கொரியத் தலைநகர் சோலில் படிக்க ஆசை. என் அக்கா மகளுக்கும்தான். அவள் கேட்பது யோன்செய் பல்கலைக்கழகம். குடும்பத்தில் உடனே இரண்டு கேள்விகள் கிளம்பின. உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம்? அப்புறம், அது கிறிஸ்தவர்கள் நடத்துவதாமே, மதம் மாற்றிவிட மாட்டார்களா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், கிறிஸ்தவத் தனியார் பல்கலைக்கழகம்தான். இளங்கலை மாணவர்கள் சில பருவங்களுக்கு சேப்பல் என்ற வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். அதனால் என்ன? 1887ல் இங்கே சிங்கப்பூரில், ஷார்ட் ஸ்திரீட்டில் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்துத் தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அங்கே இடம் கிடைத்தால் கோயிலுக்குப் போகும் குடும்பம் வேண்டாம் என்றா சொல்லும்? நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். சேப்பலில் உட்கார்ந்து எழுந்து வந்தால் என் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சரி, தரவரிசை. யோன்செயின் சாதனை என்று நான் நினைப்பது அந்தப் பட்டியலிலேயே இல்லை.

1884ல் சோலில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் வெட்டுப்பட்டுக் கிடந்த அரசியின் உறவினரை ஹொரேஸ் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் பிழைக்க வைத்தார். அந்த நம்பிக்கையில் மறு ஆண்டே மன்னர் ஒரு மேலைநாட்டு மருத்துவமனை திறக்கச் சம்மதித்தார். யோன்செய் தன் வயதைக் கணக்கிடுவது அந்த 1885லிருந்துதான். பின்னால் கனடாவிலிருந்து ஏவிசன் என்ற மருத்துவர் வந்து பொறுப்பேற்றார். செவரன்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் 1904ல் அவர் பெயரிலேயே புதிய மருத்துவமனை எழுந்தது.

1908ல் அங்கே இருந்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த முதல் அணியில் ஏழு மருத்துவர்கள். அவர்களில் ஒருவர் பாக் சோ யாங். அப்பா இறைச்சி வெட்டுபவர். அன்றைய கொரியாவில் அது தீண்டத்தகாத பிறப்பு. மற்ற ஆண்கள் அணியும் தொப்பியைக்கூட அவர்கள் அணிய முடியாது. மன்னருக்கு வைத்தியம் பார்த்த ஏவிசன், காய்ச்சலில் கிடந்த அந்த அப்பாவுக்கும் பார்த்தார். பிழைத்தவர் சர்ச்சுக்குப் போனார். அவரோடு ஒன்றாக உட்கார மாட்டோம் என்று மேட்டுக்குடியினர் பிரிந்துபோய்த் தனி சர்ச் வைத்துக்கொண்டார்கள். நமக்குப் புதிய கதையா என்ன? ஆனால் மகன் மருத்துவராகி, அதே கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பிறகு மஞ்சூரியாவில் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தினார்.

1915ல் அண்டர்வுட் என்ற மிஷனரி தொடங்கிய கல்லூரி யோன்செயின் இன்னொரு வேர். ஜப்பானிய ஆட்சியில் கொரிய மொழியையே ஒடுக்கிய காலத்தில், அங்கே ஆசிரியராக இருந்த இலக்கண அறிஞர் சோய் ஹியூன் பே 1942ல் மொழிப் பணிக்காகவே கைதானார். அங்கே படித்த கவிஞர் யூன் டோங் ஜூ 1945ல் ஜப்பானியச் சிறையில் இறந்தார். 1957ல் அந்தக் கல்லூரியும் செவரன்ஸ் மருத்துவக் கல்லூரியும் இணைந்து யோன்செய் ஆனது. 1987ல் ஜனநாயகம் கேட்டுப் போராடிய அதன் மாணவர் லீ ஹான் யோல், கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு உயிரிழந்தார். 2024ல் இலக்கிய நோபல் வாங்கிய ஹான் காங் அங்கே கொரிய இலக்கியம் படித்தவர். ஆஸ்கர் வாங்கிய போங் ஜூன் ஹோ சமூகவியல் படித்ததும் அங்கேதான்.

குறை இல்லையா? இருக்கிறது. சோல் தேசியப் பல்கலைக்கழகம், கொரியா பல்கலைக்கழகம், யோன்செய் மூன்றையும் சேர்த்து ‘ஸ்கை’ என்பார்கள். அந்த மூன்றில் ஒன்றில் நுழைய, பிள்ளைகள் இரவு பத்து மணி வரை துணைப்பாட வகுப்பில் கிடக்கிறார்கள். இங்கே தொடக்கப்பள்ளி இறுதியில் வரும் பிஎஸ்எல்இ தேர்வைப் பார்த்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்று இறைச்சி வெட்டுபவரின் மகனுக்குத் திறந்த கதவு, இன்று துணைப்பாடத்துக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு திறந்திருக்கிறது? வளர்ச்சி, சாதனை என்று பேசுகிறவர்கள் எனக்கு முதலில் அதைச் சொல்லட்டும். எத்தனையாவது இடம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.