அவர்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளவில்லை

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

எந்தப் பேச்சைச் சொல்கிறேன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். அந்தக் காணொளியை எனக்கே பத்துப் பேருக்கு மேல் அனுப்பிவிட்டார்கள். சுற்றுச்சூழல் பற்றிய நல்ல பேச்சுதான். முதல் அரை மணி நேரம் நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். பிறகு பசிபிக் கடலில் பெரிய கற்சிலைகளுக்குப் பேர்போன ஈஸ்டர் தீவு வந்தது. அந்தத் தீவு மக்கள் சிலை வடிக்கும் வெறியில் மரங்களையெல்லாம் வெட்டினார்களாம். கடைசி மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்களாம். பிறகு பசியில் ஒருவரையொருவர் அடித்துத் தின்று அழிந்துபோனார்களாம். முடிவில் "முட்டாள் கூட்டம்" என்று ஒரு பட்டம். அரங்கம் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் என் நெஞ்சில் தைத்தது.

அதன் கீழே மரியாதையாக நான்கு வரி எழுதினேன். ஐயா, அவர்கள் அழிந்துபோகவில்லை, இன்றும் அதே தீவில் வாழ்கிறார்கள், அவர்களை அழிக்கப் பார்த்தவர்கள் வேறு என்று. "பள்ளிக்கூட டீச்சர் பெரியவர்களுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார்" என்றார் ஒருவர். "மரம் வெட்டுவதை ஆதரிக்கிறாரா இந்த அம்மா?" என்றார் இன்னொருவர். மறுநாள் பார்த்தால் என் கருத்தையே காணவில்லை. சரி, இங்கே எழுதுவதை யாரும் நீக்க முடியாது அல்லவா?

1722இல் ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி யாக்கோப் ரொக்கவேன் அந்தத் தீவைக் கண்டார். ஈஸ்டர் தீவு என்பது அவர் வைத்த பெயர். அங்குள்ளவர்கள் தங்கள் மண்ணையும் தங்களையும் ராப்பா நூயி என்றுதான் சொல்கிறார்கள். அவர் போனபோதே பனைக்காடு ஏறக்குறைய போய்விட்டது. ஆனால் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த மக்களையா அவர் பார்த்தார்? வாழையும் கரும்பும் சர்க்கரைவள்ளியும் விளைகிற மண் என்று எழுதிவைத்தார். அந்த மக்கள் கோழிகளோடு வந்து வரவேற்றார்கள். டச்சுக்காரர்கள் கரையிறங்கிய வேகத்தில் சுட்டதில் பத்துப் பன்னிரண்டு பேர் செத்து விழுந்தார்கள். கடைசி மரத்தின் கதையைச் சொல்லுகிறவர்கள் இந்தத் துப்பாக்கிச் சூட்டை ஏன் சொல்வதில்லை?

இதுகூடப் பரவாயில்லை. 1862 டிசம்பரில் தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து ஆள்பிடிக்கும் கப்பல்கள் வந்தன. கரையில் இறங்கியவர்கள் கழுத்து மாலைகளையும் கண்ணாடிகளையும் தரையில் பரப்பி வைத்தார்கள். ஊரார் வந்து கூடினார்கள். மண்டியிட்டு, கையிலெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது துப்பாக்கி வெடித்தது. ஓட முடியாதவர்களைக் கைகால்களைக் கட்டித் தூக்கிப்போனார்கள். சில மாதங்களில் ஏறக்குறைய 1,400 பேரைக் கொண்டுபோய்ப் பெருவின் தோட்டங்களிலும் வீடுகளிலும் வேலைக்கு விட்டார்கள். பெரும்பாலோர் நோயில் செத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு மிஞ்சியவர்களில் நூறு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே பெரியம்மை தாக்கியது. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் 15 பேர். அவர்களோடு அம்மையும் தீவில் இறங்கியது.

1877இல் தீவில் எஞ்சியிருந்தவர்கள் 111 பேர்.

நூற்றுப் பதினொன்று. எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்புகளில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இது. அந்தக் கணக்கை எழுதியவர் அல்போன்ஸ் பினார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர். அதே பயணத்தில் அவர் அந்த மக்களுடைய முன்னோரின் எலும்புகளையும் பாரிஸுக்கு எடுத்துப்போனார். உயிரோடு இருந்த 111 பேருக்கு நடுவே நின்று எலும்பு பொறுக்கியிருக்கிறார். மானிடவியல் என்ற படிப்பின் மீது எனக்கு இருக்கும் மதிப்பும் கோபமும் இந்த ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

அத்தோடு விட்டார்களா? 1888இல் சிலி தீவைத் தனதாக்கிக்கொண்டது. பிறகு தீவையே ஆட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விட்டார்கள். ஆடுகளுக்குத் தீவு முழுக்க மேய்ச்சல், மனிதர்களுக்கு ஹங்கா ரோவா என்ற ஒரே ஊர். அதைத் தாண்டிப் போக அனுமதி வேண்டும். 1966இல்தான் அவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது. நான் பிறந்த பிறகு!

இத்தனையையும் விட்டுவிட்டு, தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது? திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து, நீ சொத்தை ஒழுங்காகக் காப்பாற்றவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"அப்படியானால் மரங்கள் எங்கே போயின?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். மரங்கள் போனது உண்மை, நான் மறுக்கவில்லை. விளைநிலத்துக்காகக் காட்டை எரித்தார்கள், வெட்டினார்கள். அவர்களுடைய ஓடங்களில் வந்த எலிகள் பனங்கொட்டைகளைக் கடித்துத் தின்றதால் புதுக் கன்றுகளும் முளைக்கவில்லை. எலி கடித்த கொட்டைகள் இன்றும் மண்ணுக்குள் கிடைக்கின்றன. காடு போன பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையல்லவா கேட்க வேண்டும்? எரிமலைப் பாறைகளை உடைத்து வயல்களில் பரப்பினார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே கிழங்கு நட்டார்கள். காற்று மண்ணை அரிக்காது, ஈரம் போகாது, கல்லிலிருந்து சத்தும் மெல்ல இறங்கும். என் அப்பாவின் மானாவாரி நிலத்தில் சித்திரை வெயிலில் ஒரு பெரிய கல்லைப் புரட்டினால் அடிமண் கறுப்பாக, உள்ளங்கைக்குச் சில்லென்று இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஏக்கர் ஏக்கராகக் கல்லை உடைத்து அந்த ஈரத்தைக் காப்பாற்றியவர்களையா முட்டாள்கள் என்கிறீர்கள்?

"பெரிய ஆய்வாளர் எழுதியிருக்கிறாரே" என்பது அடுத்த வாதம். ஜாரெட் டயமண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2005இல் எழுதிய நூல் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது. அவரும் அடிமைக் கப்பல்களைக் குறிப்பிடத்தான் செய்கிறார். ஆனால் படித்தவர்கள் மனத்தில் நின்றது கடைசி மரம் மட்டும்தான். அதற்குப் பிறகு எவ்வளவோ ஆய்வு நடந்துவிட்டது. பாரிஸில் வைத்திருந்த ராப்பா நூயி மக்களின் எலும்புகளிலிருந்தே 15 பேரின் மரபணுவைப் படித்து 2024இல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் முடிவை வெளியிட்டார்கள். 1600களில் மக்கள்தொகை திடீரெனச் சரிந்ததற்கு அடையாளமே இல்லை. அடிமைக் கப்பல்கள் வந்த 1860கள் வரை அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இந்த முறை ஆய்வாளர்கள் தீவுக்குப் போய் அந்த மக்களிடம் பேசினார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்த மக்களிடம் கேட்டிருந்தால் பல விஷயங்கள் முன்பே தெரிந்திருக்கும். சிலைகள் நடந்து வந்தன என்று அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். அதைக் கட்டுக்கதை என்றார்கள். பிறகு டெர்ரி ஹண்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு தொல்லியலாளர்கள் நான்கு டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையில் மூன்று கயிறுகளைக் கட்டி, 18 பேரை வைத்து இப்படியும் அப்படியும் அசைத்து இழுத்தார்கள். சிலை நடந்தது.

கேட்கப் போனவர்களும் இல்லாமலில்லை. 1914இல் காத்தரின் ரவுட்லெஜ் என்ற ஆங்கிலேயப் பெண் அங்கே போய் ஓராண்டுக்கு மேல் தங்கினார். ரொங்கொரொங்கோ என்ற அவர்களுடைய எழுத்தை அறிந்தவர்கள் அடிமைக் கப்பல்களிலும் அம்மையிலும் போய்விட்டார்கள். தோமெனிக்கா என்ற முதியவருக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் நினைவிருந்தது. அவர் தொழுநோயாளிகளின் குடியிருப்பில் இருந்தார். ரவுட்லெஜ் அங்கேயே போய் அவர் எதிரில் உட்கார்ந்தார். முதியவர் காகிதத்தில் சில குறிகளை வரைந்தார். இவர் என்ன கேட்டாலும் முழுதாக எதுவும் வரவில்லை. இரண்டு வாரத்தில் அந்த முதியவர் இறந்துவிட்டார். இன்றுவரை அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியவில்லை. அந்த எழுத்தைச் செதுக்கிய மரப்பலகை ஒன்றுகூட இன்று அந்தத் தீவில் இல்லை. இருப்பவை எல்லாம் தீவுக்கு வெளியே, அருங்காட்சியகங்களிலும் சேகரிப்புகளிலும்.

அந்தக் குடிசையை நினைத்தால் எனக்கு எழுத வரவில்லை. ஒரு மொழியின் எழுத்து இரண்டு வாரத்தில் போய்விடுகிறது, நாம் அரங்கில் உட்கார்ந்து கைதட்டுகிறோம்.

"நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன கதைதானே, விட்டுவிடுங்கள் டீச்சர்" என்று எனக்கு நெருங்கியவர்களே சொல்கிறார்கள். விட முடியவில்லை. ஏனென்றால் இதே கதையை நானும் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் புவியியல் பாடத்தில், காடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ஏழெட்டு ஆண்டுகள் சொன்னேன். கரும்பலகையில் ஒரு தீவை வரைந்து, மரங்களை ஒவ்வொன்றாக அழிப்பேன். கடைசி மரத்தை அழிக்கும்போது வகுப்பு மூச்சு விடாமல் பார்க்கும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் டீச்சர்?" என்று கேட்டாள். "யாரும் இல்லை" என்று சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை, தேடிப் பார்க்காமல் சொன்னேன். அன்றைக்கு அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் காலையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்று தீவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த 111 பேரின் வழி வந்த ராப்பா நூயி மக்கள். தங்கள் மொழியைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்கள் முன்னோரின் எலும்புகளைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இங்கே நட்பில் இருக்கிறீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து கேட்ட அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நினைவில் இல்லை. அந்த வகுப்பில் இருந்த யாருக்காவது நினைவிருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். அவள் கேட்டதற்கு டீச்சர் இப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.