ஒருவர் மீது இரண்டு வண்டிகள் மோதினால் பாதி இழப்பீடுதானா? இல்லை

"லாரி மோதி விழுந்தவர் மீது பின்னால் வந்த காரும் ஏறினால், ஆளுக்குப் பாதி இழப்பீடுதான். ஒரு வண்டி நிற்காமல் போய்விட்டால் அந்தப் பாதி போனதுதான்" என்ற செய்தி பல்லடம், அவிநாசிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

பலருடைய கவனக்குறைவு சேர்ந்து ஒருவரைக் காயப்படுத்தினால், முழு இழப்பீட்டையும் அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கென்யெய் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில், 2015 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை உச்ச நீதிமன்ற இணையதளத்திலேயே படிக்கலாம். யாருக்கு எத்தனை பங்கு என்பது வண்டிக்காரர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

இரவு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். லாரி இடித்ததில் முழங்கால் உடைகிறது. எழுவதற்குள் அதே காலில் கார் ஏறுகிறது. எந்தச் சக்கரம் எந்த எலும்பை முறித்தது என்று அவர் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. காரின் எண் தெரியாவிட்டாலும் லாரித் தரப்பிடம் முழுத் தொகையையும் கேட்கலாம்.

அடிபட்டவர் மீதும் தவறு இருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும். செய்தியை எழுதியவர் இதைத்தான் குழப்பிக்கொண்டார் போலும்.

சந்தேகம் இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். உதவி எண் 15100. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர் அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பாதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாரோ என்பதே என் பயம். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.