பத்து வெள்ளி கேட்டவர்

போன ஞாயிறு எங்கள் கோயிலுக்கு ஒரு மாண்புமிகு வந்தார். கையில் மாதிரிக் காசோலை. இரண்டு பேர் பிடித்தால்தான் நிற்கும். படம் எடுத்தார்கள், கை தட்டினோம், மீகூன் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். திரும்பும் வழியில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் என்ற பெயர்ப்பலகையின் கீழ் சிவப்பு விளக்குக்காக நின்றபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயருக்கு உரியவர் மக்களிடம் போய்க் காசு கேட்டவர்.

சம்பந்தன் 1919இல் பேராவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1955இல் மலாயா இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர், அதே ஆண்டே அமைச்சர். இதெல்லாம் எங்கும் கிடைக்கும். என்னைப் பொறுத்தவரை அவருடைய அரசியல் 1960இல்தான் இருக்கிறது.

வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் சேர்ந்து போகும். ரப்பர் பால் வெட்டியவன் சட்டி பானையோடு தெருவில் நிற்பான். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க, சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி (மலாயா டாலர்), பத்துப் பத்தாகக் கட்டலாம். மனைவி உமாசுந்தரியோடு தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேரச் சொன்னார்.

எங்கள் தாத்தா நம்பவில்லை. "முதலாளி மகன் நம்மிடம் ஏன் கை நீட்டுகிறான்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். பாட்டி அவருக்குத் தெரியாமல், அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்த பணத்தில் முதல் பத்தைக் கட்டினார். அந்த ரசீது மைலோ டின்னில் வெகு காலம் இருந்தது. கைநாட்டு வைத்த இடத்தில் மை பரவி, விரல் ரேகைகூடத் தெரியாது.

மறு ஆண்டே, 1961இல், கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

கொடுப்பது சுலபமான அரசியல். பரிசுக்கூடை வாங்கியவர் மறு வாரம் வந்து கணக்குக் கேட்கமாட்டார். பத்து வெள்ளி கட்டியவர் கேட்பார். பாட்டி சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஏழை வாக்காளரிடம் பணம் வாங்கி, ரசீது கொடுத்து, அதன் பிறகும் அவர்கள் முகத்தில் விழிக்கும் துணிச்சல் இன்று எந்தத் தொகுதிக்காரருக்கு இருக்கிறது?

அவர் குறையே இல்லாதவர் என்று நான் சொல்லவரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் ஒரே நாற்காலி என்பது நீளம்தான். கட்சிக்குள் நெருக்கடி முற்றி, 1973இல் தலைமை மாணிக்கவாசகத்திடம் போனது. அடுத்த ஆண்டு சம்பந்தனின் சுங்கை சிப்புட் தொகுதி அதே கட்சியின் சாமிவேலுவுக்கு. அது 2008வரை அவரிடமே இருந்தது. சம்பந்தன் 1979இல் காலமானார். தோட்டத்து மக்களோ பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டார்கள், எங்களைப் போல.

அந்த மாதிரிக் காசோலை இன்னும் கோயில் பொருளறையில் சாய்ந்து கிடக்கிறது. பின்பக்கத்தில் யாரோ அடுத்த வார அன்னதானத்துக்கான காய்கறிக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார்கள்.