எட்டுப் பக்க ஆராய்ச்சி

(மட்டக்களப்பு, வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வறிக்கை கையளிக்கிற கிழமை. கடைக்காரர் வாசிக்காத ஆய்வறிக்கை கம்பஸில் கிடையாது. மேற்பார்வையாளர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.)

மாணவி: அண்ணன், இந்தத் தாளில் முப்பது கொப்பி. ஒரு பக்கம் மட்டும்.

கடைக்காரர்: தங்கச்சி, பாதி தலைகீழாக இருக்கு. இரவு நித்திரை இல்லையோ?

மாணவி: அப்படித்தான் இருக்க வேணும். ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். மேல் வரிசை தலைகீழாக இருந்தால்தான் மடித்த பிறகு நிமிரும். இதற்குப் பெயர் ஸீன் (zine), நாங்களே எழுதி, வரைந்து, வெளியிடுகிற சின்ன இதழ்.

கடைக்காரர்: பின் அடிக்கிறதா?

மாணவி: வேண்டாம்.

கடைக்காரர்: ஸ்பைரல்?

மாணவி: வேண்டாம் அண்ணன்.

கடைக்காரர்: கறுப்பு மட்டை, தங்க எழுத்து...

மாணவி: உள்ளங்கை அளவுதான் அண்ணன் வரும்!

கடைக்காரர்: அப்ப சின்ன மட்டை, விலையும் குறைவு. சரி, தலைப்பு?

மாணவி: 'கம்பஸில் கண்ட சந்தோசங்கள்.'

கடைக்காரர்: எத்தனை பேரிடம் தரவு எடுத்தீங்க?

மாணவி: நான் ஒருத்திதான்.

கடைக்காரர்: காணாது. ஒரு தம்பி முந்நூறு பேரைக் கேட்டுப்போட்டும் 'மேலதிக ஆய்வு தேவை' என்று பணிவாக முடித்திருக்கிறார். நீங்க ஒரு ஆளை வைத்துச் சந்தோசம் என்று தீர்ப்பே சொல்லிட்டீங்க.

மாணவி: நான் ஆய்வறிக்கையும் எழுதினேன்தானே. விரிவுரை நடக்காத வெள்ளிக்கிழமை, கூட்டாளி வீட்டிலிருந்து சட்டியோடு வந்த எருமைத் தயிர், இதுக்கெல்லாம் அதில் எங்கே இடம்? பின்னிணைப்பில் போடலாமா என்று கேட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கடைக்காரர்: முந்தைய ஆய்வுகள் ஏதும்?

மாணவி: 1930இலேயே சிக்காகோவில் விஞ்ஞானக் கதை வாசகர்கள் சேர்ந்து தாங்களே இப்படி ஒரு இதழ் போட்டிருக்கிறார்கள்.

கடைக்காரர்: சிக்காகோ வரைக்கும் ஏன் போறீங்க? நாங்கள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மொத்தமே ஒரு பிரதி. வாசித்துவிட்டுத் தாறேன் என்று கணக்கு வாத்தியார் கொண்டுபோனார். மறுகா அவர் ஓய்வூதியமும் எடுத்திட்டார். இன்னும் வாசிக்கிறார்.

(முதல் கொப்பி வெளியே வருகிறது.)

மாணவி: ஐயோ, வாவி எங்கே?

கடைக்காரர்: எந்த வாவி?

மாணவி: நாலாம் பக்கம்! கல்லடிப் பாலம், கீழே வாவி, அதில் பாடுமீன். தண்ணீரை வெளிர் நீலப் பென்சிலால் தீட்டியிருந்தேன்.

கடைக்காரர்: வெளிர் நீலம் இந்த மெசினுக்குக் கண் தெரியாது தங்கச்சி. கறுப்பில் கோடு போட்டால்தான் விழும். இப்ப வாவி வற்றிப்போச்சு, மீன் அந்தரத்தில் நிற்குது.

மாணவி: வாயைத் திறந்தபடி வேறு.

கடைக்காரர்: இது பாடுகிற வாய் இல்லை, தண்ணி கேட்கிற வாய். (தாளைத் திருப்பி) ஏழாம் பக்கத்தில் இது யார்?

மாணவி: அது... 'ஐந்து நிமிசம்' என்று சொல்லி ஒரு மணித்தியாலம் இருத்தி வைக்கிற அண்ணன். அந்த நேரத்தில் இந்த வாங்கில் இருந்துதான் எல்லாக் கதையும் கதைப்போம்.

கடைக்காரர்: அது பரவாயில்லை. இந்தத் தொப்பைக்கு என்ன ஆதாரம்?

மாணவி: நேரடி அவதானிப்பு.

கடைக்காரர்: (வயிற்றை உள்ளே இழுத்தபடி) வாவிக்குக் கறுப்புக் கோடு போட எப்படியும் தாளைக் கொண்டுபோகத்தானே போறீங்க?

மாணவி: ஓம்.

கடைக்காரர்: அந்த வெளிர் நீலப் பென்சிலை எறிய வேண்டாம். தொப்பையை மட்டும் அதால வரைந்துகொண்டு வாங்க.