ரோட்ஸ் பழைய நகரில் விடுபட்ட ஒரு மூலை

கிரீஸின் ரோட்ஸ் தீவு பற்றிய உங்கள் கட்டுரை அருமை. மாவீரர் தெருவையும் கோட்டை மதிலையும் நேரில் பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னத் திருத்தம்: பழங்காலத்தில் இங்கே இருந்த மாபெரும் வெண்கலச் சிலையான கொலோசஸ், கட்டுரை சொல்வதுபோல் துறைமுக வாயிலின் இருபுறமும் கால் ஊன்றி நின்றது என்பது பிற்காலக் கற்பனை. சிலை நின்ற இடமே இன்றுவரை உறுதியாகவில்லை.

அப்புறம், கிராண்ட் மாஸ்டர் (தீவை ஆண்ட மாவீரர்களின் தலைவர்) அரண்மனை. 1856-ல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்ததை 1930-களில் இத்தாலியர்கள் திரும்பக் கட்டினார்கள். உள்ளே தரையில் இருக்கும் மொசைக்குகள் பல, பக்கத்துக் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை.

ஆனால் யூதர் குடியிருப்பு பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 1577-ல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் அங்கே இன்னும் இருக்கிறது. தரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்திருக்கும். 1944 ஜூலையில் நாஜிகள் இந்தத் தீவிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட யூதர்களைக் கப்பலேற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். கடற்குதிரை நீரூற்று உள்ள சதுக்கத்தில் கொல்லப்பட்டவர்களின் நினைவாக ஒரு கறுப்புக் கல்தூண் நிற்கிறது. போகிறவர்கள் தயவுசெய்து அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.