அட்டையில் நீலமாகிப் போன பெண்

ஒரு டிவிடி அட்டை. நடுவில் வெள்ளைக்கார ஆண் ஒருவர், முழு வண்ணத்தில், பளிச்சென்று நிற்கிறார். அவருக்குப் பின்னால் நான்கு பெண்கள், முகம் முதல் உடை வரை நீல மையில் முக்கி எடுத்ததுபோல் மங்கலாகத் தெரிகிறார்கள். படத்தின் பெயர் ‘தி சஃபையர்ஸ்’. சஃபையர் என்றால் நீலக்கல்தானே, அதனால் நீலம் பூசினோம் என்று யாராவது சமாதானம் சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் படமே அந்த நான்கு பெண்களைப் பற்றியது. 1968இல் வியட்நாம் போர்முனைக்குப் போய் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகப் பாடிய ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பெண்களின் கதை. முன்னால் நிற்பவர் அவர்களுடைய மேலாளராக நடித்த அயர்லாந்துக்காரர் கிறிஸ் ஓடௌட். 2013இல் அமெரிக்கச் சந்தைக்கென்று அச்சடித்த அட்டை அது. ‘இது அபத்தம்’ என்ற பொருளில் கொதித்தவர்களில் ஓடௌடும் ஒருவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர். விநியோக நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது.

அந்த நீலத்துக்குள் மூத்த அக்காவாக நிற்பவர் டெபோரா மெயில்மேன்.

ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ‘சிட்னியில் இருக்கிறாயே, நிக்கோல் கிட்மனை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?’ கிட்மன் பிறந்ததே ஹவாயில்தான் என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்கள். ஆஸ்திரேலிய நடிகை என்றால் கிட்மன், கேட் பிளான்செட், மார்கோ ராபி. அதாவது ஆஸ்திரேலியாவை விட்டுப் புறப்பட்டவர்கள். புறப்படாமல் இருந்தவர் நம் கணக்கிலேயே வருவதில்லை. என்னைக் கேட்டால், இந்த நாட்டின் திரையைப் பற்றிப் பேச வேண்டுமானால் மெயில்மேனில் இருந்துதான் தொடங்க வேண்டும். இதை ஒரு பிடிவாதமாகவே சொல்கிறேன்.

அதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. 1999இல் திருச்சியிலிருந்து சிட்னிக்கு வந்தோம். மகளுக்கு மூன்று வயது. கணவர் வேலைக்குப் போனதும் எனக்கும் அவளுக்கும் துணை ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. அரசுத் தொலைக்காட்சியான ஏபிசியில் ‘பிளே ஸ்கூல்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி ஓடும். 1966இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஒரு பெரிய கரடி பொம்மை, ஒரு சின்னக் கரடி பொம்மை, ஜெமைமா என்றொரு துணி பொம்மை. ஒவ்வொரு நாளும் வட்டச் சன்னல், சதுரச் சன்னல், வளைவுச் சன்னல் என்று மூன்றில் ஒன்றின் வழியாக வெளியே பார்ப்பார்கள். எது என்று முன்கூட்டிச் சொல்ல மகளுக்கும் எனக்கும் போட்டி. எங்கள் இருவரின் ஆங்கிலமும் அந்தச் சன்னல்கள் வழியாகத்தான் வந்தது. நடத்துபவர்களில் ஒரு பெண், மாநிறம், பெரிய கண்கள், பொம்மையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிப்பார். ஒரு நாள் மகள் திரையைத் தொட்டு, ‘அம்மா, ரேவதிச் சித்தி’ என்றாள். ரேவதி என் தங்கை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. இலங்கைப் பெண்ணாக இருக்கலாம், இல்லையென்றால் பிஜி இந்தியப் பெண்ணாக இருக்கலாம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பல மாதம் கழித்து நூலகத்தில் ஒரு பெண்மணி சொல்லித்தான் அவர் பூர்வகுடி என்று தெரிந்தது. வந்த நாட்டின் சொந்தக்காரியைப் பார்த்து, இவள் எந்த நாட்டிலிருந்து வந்தவளோ என்று யோசித்திருக்கிறேன்.

மெயில்மேன் பிறந்தது 1972இல், குவீன்ஸ்லாந்தின் வடமேற்கில் உள்ள மவுண்ட் ஐசா என்ற சுரங்க நகரத்தில். தந்தை பிஜாரா என்ற பூர்வகுடி இனத்தவர், ரோடியோ வீரர், அதாவது திமிறும் குதிரை மேலும் காளை மேலும் உட்கார்ந்து காட்டுகிறவர். தாய் நியூசிலாந்தின் மவோரி. ஐந்து பிள்ளைகள் ரோடியோ மைதானத்தோடு ஒட்டிய வீட்டில் வளர்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து பிரிஸ்பேனில் நாடகப் படிப்பு, 1992இல் பட்டம்.

1995இல் வெஸ்லி ஈனோக் என்ற நாடகக்காரரோடு சேர்ந்து ஒரு நாடகம் எழுதினார். தமிழில் ‘துயரத்தின் ஏழு நிலைகள்’ என்று சொல்லலாம். மேடையில் ஒரே ஒரு பெண், மெயில்மேன்தான். தலைக்கு மேலே ஏழு கயிறுகளில் ஒரு பெரிய பனிக்கட்டிப் பாளம் தொங்கும். கீழே புதிதாகத் தோண்டி மூடிய சிவப்பு மண், ஒரு புதைகுழி. நாடகம் நடக்க நடக்கப் பனி உருகிச் சொட்டுச் சொட்டாக அந்த மண்ணில் விழும். அவ்வளவுதான் மேடை அமைப்பு. நான் மேடையில் பார்க்கவில்லை, நூலகத்தில் எடுத்துப் படித்தேன். படிக்கும்போதே சொட்டும் ஒலி கேட்டது.

அதில் ஒரு பகுதியை என்னால் மறக்க முடியவில்லை. இறந்தவர்களின் புகைப்படங்களை அந்த வீட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். நாமோ இறந்தவர் படத்தை முன்னறையில் மாட்டி, மாலை போட்டு, சிவப்பு விளக்கு எரிய விடுகிறவர்கள். பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரையோ உருவத்தையோ துக்கக் காலத்தில் வெளியே எடுப்பது தகாது. இங்கே தொலைக்காட்சியில் சில நிகழ்ச்சிகளுக்கு முன்னால், ‘இதில் மறைந்தவர்களின் உருவங்களும் குரல்களும் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை வருவது அதனால்தான். வந்த புதிதில், பேய்ப் படம் போலிருக்கிறது என்று நினைத்து மகளை உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

நாடகத் தலைப்பில் உள்ள ஏழு நிலைகள் பூர்வகுடி வரலாற்றின் ஏழு காலங்களும்கூட. கனவுக் காலம் என்கிற ஆதிகாலம், படையெடுப்பு, இனப்படுகொலை, பாதுகாப்பு, கரைத்துச் சேர்த்தல், சுயநிர்ணயம், நல்லிணக்கம். இந்த ஏழில் எனக்கு அதிகம் பயமூட்டும் சொல் ‘பாதுகாப்பு’. அந்தப் பெயர் கொண்ட சட்டங்களை வைத்துத்தான் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கினார்கள். என் யாழ்ப்பாணத் தோழி ஒருத்தியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கடைசிச் சொல்லின் மேல் விரலை வைத்து, ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

மெயில்மேனுக்கு முன்னால் ஆஸ்திரேலியத் திரை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1955இல் வந்த ‘ஜெடா’தான் பூர்வகுடிகள் முதன்மைப் பாத்திரங்களில் நடித்த முதல் முழுநீளப் படம். அதன் நாயகிக்கு ரோசலி என்று பெயர். படத்துக்காக அதை ‘ங்கார்லா’ என்று மாற்றிவிட்டார்கள். சொந்தப் பெயர் போதிய அளவு பூர்வகுடித்தனமாக இல்லை போலும். 1967இல் வந்த இன்னொரு படத்தில், தடம் பார்த்து ஆளைத் தேடும் பூர்வகுடியாக நடித்தவர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்ட வெள்ளைக்காரர். அவர் பிடித்து வரும் பூர்வகுடிக் கைதியாக நடித்தவர் யார் தெரியுமா? கோலாலம்பூரில் பிறந்த நம் தமிழர், பாடகர் கமால், முழுப்பெயர் கந்தையா கமலேஸ்வரன். மை பூசும் செலவு மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ. பூர்வகுடிகளையும் மக்கள்தொகையில் எண்ண வேண்டும் என்று இந்த நாடு பொது வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்ததும் அதே 1967தான். கமாலைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் இந்த நாட்டில் கதவுகள் எளிதாகத் திறந்துவிடவில்லை. ஆனால் என் மகள் ‘சித்தி’ என்றதையும் இதையும் சேர்த்து நினைத்தால் ஏதோ உறுத்துகிறது.

1998இல் ‘ரேடியன்ஸ்’. இயக்கியவர் ரேச்சல் பெர்கின்ஸ். 1965இல் பேருந்தில் ஊர் ஊராகப் போய் நிறவெறியை அம்பலப்படுத்திய சார்லஸ் பெர்கின்ஸின் மகள். தாயின் இறுதிச் சடங்குக்காக மூன்று சகோதரிகள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். கடைக்குட்டி நோனாவாக மெயில்மேன். விளையாட்டுப் பெண், எதையும் சிரித்துத் தள்ளுகிறவள். அவளிடமிருந்து மறைத்த உண்மை வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியில் நிற்கும். முழுவதும் அணைந்துவிடாது, அதுதான் வதை. அந்த நடிப்புக்காக ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. பூர்வகுடிப் பெண் ஒருவருக்கு அந்த விருது முதல் முறை.

இந்த ‘முதல்’ என்ற சொல் எனக்குச் சலித்துவிட்டது. மெயில்மேனைப் பற்றி எதை எடுத்தாலும் முதல் பூர்வகுடி நடிகை, முதல் இது, முதல் அது. ஒருவரை ‘முதல்’ என்று சொல்லிவிட்டால் அவர் எப்படி நடித்தார் என்று பேச வேண்டிய தேவை இல்லாமல் போய்விடுகிறது. கல்வெட்டுக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது 2001இல் தொடங்கிய ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் அஸ்’ தொடர். மெல்போர்னின் செயின்ட் கில்டாவில் ஒரே கட்டடத்தில் வாழும் இளைஞர்கள். அதில் கெல்லி என்ற பெண்ணாக வந்தார். கெல்லிக்குக் காதல் கைகூடாது, தவறான ஆளைத் தேர்ந்தெடுப்பாள், தோழியிடம் புலம்புவாள், மறுநாள் வேலைக்குப் போவாள். பூர்வகுடி என்பது அவளுடைய பிரச்சினையாக இல்லை, கதையின் பாடமாகவும் இல்லை. வாரந்தோறும் இந்த நாட்டு வீடுகளின் முன்னறைக்கு ஒரு பூர்வகுடிப் பெண் வந்து காதல் தோல்வியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். 2002இல் அதற்குச் சிறந்த நடிகைக்கான லோகி என்ற தொலைக்காட்சி விருது. துயரத்தைச் சுமக்கிறவளாக மட்டுமே காட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அசட்டுத்தனமாக இருக்கும் உரிமையை வாங்கிக் கொடுத்தவர் அவர். விருது உரைகளில் இது வருவதில்லை.

2012இல் ‘மேபோ’ என்ற படத்தில் எடி மேபோவின் மனைவி பொனிட்டாவாக வந்தார். இந்த மண் யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்தது என்ற கட்டுக்கதையை நீதிமன்றத்தில் உடைத்த வழக்கு மேபோவுடையது. 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. போராளியின் மனைவி என்ற வேடம் எந்த மொழியிலும் பாவப்பட்ட வேடம். வாசலில் நின்று வழியனுப்புவதுதான் வேலை. மெயில்மேன் அதை, பத்துப் பிள்ளைகளையும் கடனையும் கணவனின் கோபத்தையும் ஒன்றாகச் சுமந்தவளின் கதையாக ஆக்கிவிட்டார்.

அதே 2012இல்தான் ‘தி சஃபையர்ஸ்’. கெயில், நால்வரில் மூத்தவள், யாரையும் நம்பாதவள். தொடக்கத்தில் ஒரு நாட்டுப்புற மதுக்கூடத்தில் பாட்டுப் போட்டி. சகோதரிகள் அழகாகப் பாடுகிறார்கள், பரிசு உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்ணுக்குப் போகிறது. அப்போது கெயிலின் முகத்தைப் பாருங்கள். அதிர்ச்சி கிடையாது, ‘எனக்குத் தெரியும்’ என்கிற இறுக்கம்தான். படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. உண்மைக் கதையில் வியட்நாம் போனது இருவர் மட்டுமே. மற்ற இருவர் அந்தப் போரை எதிர்த்ததால் போக மறுத்தவர்கள். அந்த மறுப்பு படத்தில் இல்லை. இருந்திருந்தால் பாட்டும் கூத்தும் கொஞ்சம் குறைந்து, படம் இன்னும் கனமாக இருந்திருக்கும். ஆனாலும் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

‘இவ்வளவு திறமை இருந்தும் ஹாலிவுட் போகவில்லையே’ என்று நண்பர் ஒருவர் வருத்தப்பட்டார். எதற்கு வருத்தம்? 2023இல் வார்விக் தார்ன்டனின் ‘தி நியூ பாய்’ வந்தது. ஊரைவிட்டுத் தள்ளி ஒரு கிறித்தவ மடம், 1940கள். இரண்டு கன்னியாஸ்திரீகள். ஒருவர் கேட் பிளான்செட், மற்றவர் மெயில்மேன். இரண்டு ஆஸ்கர் வாங்கியவருக்கு எதிரில் மெயில்மேன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அடுப்படியில் நிற்கிறார், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார், புதிதாக வந்த சிறுவனைப் பார்க்கிறார். அந்தப் பிள்ளையிடமிருந்து எதைப் பிடுங்கப் போகிறார்கள் என்று அந்த வீட்டில் அறிந்த பெரியவள் அவள்தான் என்பதை அந்தப் பார்வை சொல்லிவிடுகிறது. பிளான்செட் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் என் கண் அடுப்படிப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக ‘டோட்டல் கண்ட்ரோல்’. 2019 முதல் 2024 வரை மூன்று பருவங்கள். குவீன்ஸ்லாந்தின் சிற்றூர்ப் பெண் அலெக்ஸ் இர்விங் துப்பாக்கிக்காரன் ஒருவனை நேருக்கு நேர் எதிர்கொள்கிறாள், காணொளி பரவுகிறது, பிரதமர் அவளைச் செனட்டர் ஆக்குகிறார். புகைப்படத்துக்கு ஒரு நல்ல முகம் வேண்டும் என்று கூப்பிட்டவர்களுக்கு ஒரு முழு ஆள் வந்து சேர்கிறாள். பின் மூன்று பருவமும் அந்தத் தப்புக் கணக்கின் விளைவுதான். கன்பரா நாடாளுமன்றத்தின் நீண்ட வராந்தாக்களில் மெயில்மேன் நடந்து வரும் நடை ஒன்றே போதும், வசனம் வேண்டியதில்லை. கெல்லியாகச் சிரித்தவர், நோனாவாகச் சிரித்தவர், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார்.

மூன்றாம் பருவத்தை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு இப்போது பிளே ஸ்கூல் ஞாபகமில்லை. ‘நீ மூன்று வயதில் சித்தி என்று கூப்பிட்டது இவரைத்தான்’ என்றேன். நம்பாமல் திரையை நிறுத்தி, அலெக்ஸ் யாரையோ முறைத்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் படமெடுத்து, திருச்சியில் இருக்கும் ரேவதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அங்கே இரவு உணவு நேரம். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘மூக்கு என் மூக்குதான். ஆனால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.’ நான் அதைப் படித்துவிட்டு, வரும் என்று பதில் போட்டேன்.