கிடைக்காது என்றாவது சொல்லித் தொலையுங்கள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு என்ன ஆனது என்று அலுவலகத்தில் கேட்கப் போன ஒரு அம்மாவுக்கு நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அந்த அம்மா கேட்டது "எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க சார்". அதற்குக் கிடைத்தது அதட்டல். இதில் சில நல்லவர்கள் பொறுமையைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

நான் கேட்பதும் அதுதான். முடிவைச் சொல்லுங்கள். கிடைக்காது என்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், மேல்முறையீடு செய்துகொள்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்பது முடிவே இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழை ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்றுதான் மத்திய அரசின் 2017 விதிகளில் இருந்தது. 2024 அக்டோபரில் அதை மூன்று மாதமாக்கினார்கள். பாஸாக முடியாதவன் பாஸ் மார்க்கையே குறைத்துக்கொண்ட கதை. இரண்டு வருடமாகியும் முடிவாகாவிட்டால் விண்ணப்பமே செயலிழந்துவிடுமாம். சான்றிதழுக்கே இந்தப் பாடு, அப்புறம்தான் உதவித்தொகை மனு. தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகையை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக்கினார்கள். நன்றி, கிண்டல் இல்லை, நிஜமாகவே நன்றி. ஆனால் மனு மேஜையில் கிடக்கிறவரை அந்த வீட்டுக்கு அது பேப்பரில் படித்த செய்திதான்.

"போலிச் சான்றிதழ் வாங்குகிறார்களே, சரிபார்க்க வேண்டாமா?" என்பீர்கள். தாராளமாகச் சரிபாருங்கள், யார் வேண்டாமென்றது? கட்டுக்கு அடியில் ஆறு மாதம் கிடக்கிற மனுவை யார் சரிபார்க்கிறார்கள், கரையானா? ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் நாங்கள்தான் பேருந்துக் காசு கொடுத்து அலைய வேண்டுமா?

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். தோன்றட்டும். என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு, வயது முப்பது. சான்றிதழுக்காக அவனைப் பரிசோதிக்க வேண்டிய டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். முதல் புதன் டோக்கன் தீர்ந்துவிட்டது, அடுத்த புதன் டாக்டர் லீவு, அதற்கடுத்த புதன் சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா அவனுக்கு நீலச் சட்டை போட்டு, தலை சீவி, கூட்டத்தைக் கண்டு மிரளுகிறவனை இடுப்போடு பிடித்துக்கொண்டு போய் வந்தாள். மொத்தம் பதினோரு புதன். பொறுமையைப் பற்றி அவளிடம் போய்ப் பேசிப் பாருங்கள்.

அவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வந்து ஒரு வருடமாகிறது. போன புதன்கிழமை காலையில் அவனே நீலச் சட்டையை மாட்டி, பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் வைத்திருந்த மஞ்சள் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு டாக்டர் லீவுடா" என்றாள் அம்மா.